கேட்டு வாங்கிய முகவரி

"ஏய்யா, கருப்பட்டி விக்கிறதுக்கா எங்ககிட்ட மெயில் ஐடி வாங்கின?"

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை. பரமக்குடியிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் இப்படித்தான் ஆரம்பித்தார். என்னோடு தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். குரலை உயர்த்திப் பேசாத மனிதர். அன்று உயர்த்தினார். நியாயம் அவர் பக்கம்தான்.

நடந்தது இதுதான். என் தங்கை மகன் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, முண்டு மிளகாய், கருவாடு இவற்றை வாங்கி, ராமநாதபுரத்தில் இருந்தபடியே இணையதளம் வைத்து விற்கிறான். தளம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே வரத்தான் ஆள் இல்லை. யாரிடமோ பணம் கொடுத்து 12,000 மின்னஞ்சல் முகவரிகளை வாங்கினான். அது போதாதென்று, "மாமா, உங்க சங்கத்து லிஸ்ட்டையும் குடுங்க. எல்லாரும் நம்ம ஆளுங்கதானே" என்றான்.

நானும் கொடுத்துவிட்டேன். ஓய்வூதியர் சங்க வேலைக்காக 63 பேர் என்னை நம்பித் தந்த முகவரிகள் அவை. 36 வருடம் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டு சேர்த்தவன், மருமகன் கேட்டதும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மூன்று வாரத்தில் நான்கு மடல்கள் போயின. ஓர் ஆர்டர்கூட வரவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. வாங்கியவர்களில் பலர் எரிச்சலில் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்த, அவன் அனுப்பும் நல்ல மடல்களும் குப்பைப் பெட்டிக்குப் போக ஆரம்பித்தன. துபாயில் இருக்கும் கீழக்கரைக்காரர் ஒருவர் பணம் கட்டிக் கருப்பட்டி கேட்டிருந்தார். ரசீது மடல் கண்ணில் படாததால், ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் ஆயிற்று.

எங்கள் காலத்தில் வேண்டாத கடிதத்தை ஒருவர் வாங்க மறுத்தால், 'ரெஃப்யூஸ்டு' என்று எழுதி அனுப்பியவருக்கே திருப்புவோம். கணக்கு அதோடு முடிந்தது. மின்னஞ்சலில் ஒவ்வொரு மறுப்பும் அனுப்பியவர் பெயரில் ஏறுகிறது. ஜிமெயில் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிப்படி, மொத்தமாக மடல் அனுப்புவோர் மீதான ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் முகம் சுளித்தாலே ஆபத்து. நாளைக்கு 5,000 மடலுக்கு மேல் விளம்பரம் அனுப்புகிறவர்கள், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தர வேண்டும்.

சட்டமும் அந்தப் பக்கம்தான் போகிறது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் எந்தக் காரியத்துக்குச் சம்மதம் தந்தாரோ அதற்கு மட்டுமே அவர் விவரத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது. சம்மதம் தருவது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டுமாம். படித்தபோது எனக்கு முகம் சிறுத்துப்போனது.

அப்படியானால் செய்தி மடலே வீண் வேலையா? இல்லை என்பதுதான் என் கட்சி. வீண் போனது மடல் அல்ல, முகவரி வந்த வழி.

கோயில்களில் கட்டளை வைத்தவர்களுக்கு, அவரவர் நட்சத்திரத்தன்று அர்ச்சனை செய்து விபூதி குங்குமம் தபாலில் வருமே, அந்த உறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றைக்கூட யாரும் திருப்பி அனுப்பியதில்லை. ஒரு நாள் தாமதமானால் தபால்காரரை வழிமறித்துக் கேட்பார்கள். காரணம் எளிது. பெயர், நட்சத்திரம், முகவரி எல்லாம் அவர்களே எழுதிக் கொடுத்தது. வருவது அவர்களுக்கென்றே வருவது.

பாம்பன் கரையில் போய்ப் பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை, காற்று, மீன் கிடைக்கும் இடம் பற்றிய தகவல் கைபேசியில் வந்தால் மீனவர்கள் யாரும் அதை அழிப்பதில்லை. தேவையான செய்தி, தேவையான நேரத்தில், தேவைப்பட்டவருக்கு. வியாபார மடலுக்கும் இதுதான் இலக்கணம்.

மருமகனிடம் சொன்னேன்: "மாப்ளே, அந்த 12,000-த்தையும் அழி. தளத்திலேயே ஒரு கட்டம் வை. வேணுங்கிறவங்க முகவரி எழுதட்டும். எழுதினது அவங்கதானான்னு ஒரு மடல் அனுப்பி உறுதி பண்ணிக்கிட்டு அப்புறம் சேர்." பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை மாதிரி. வேறு யாரோ விளையாட்டாக எழுதிவிட்டுப் போன முகவரி இதில் மாட்டிக்கொள்ளாது.

"மாதம் ஒரு மடல் போதும். விலைப்பட்டியலா எழுதாதே, விஷயம் எழுது" என்றேன். நம் ஊரில் விஷயத்துக்கா பஞ்சம்? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் இந்த வருடம் எப்படிக் காய்த்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் எந்தக் கருவாடு கிடைக்காது. மழைக்காலத்தில் கருப்பட்டி கசியாமல் இருக்க எப்படி வைப்பது. மடலில் நாலு வரி, மீதியும் படங்களும் தளத்தில். கீழே ஒரே ஒரு இணைப்பு. படிக்க வருகிறவர் கடையையும் பார்த்துவிட்டுத்தானே போவார்!

"இந்தக் காலத்துல யாரு மாமா மெயில் படிக்கிறா? வாட்ஸாப் போதாதா?" என்றான். வாட்ஸாப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் நம் மிளகாயும் அரை மணி நேரத்தில் மேலே போய்விடும். மடல் பெட்டியிலேயே இருக்கும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர், ஓய்வான நேரத்தில் தேடி எடுத்துப் படிப்பார். தவிர, சமூக ஊடகம் நாளைக்குத் தன் விதியை மாற்றினால் நம் கூட்டம் நம்மை விட்டுப் போய்விடும். சம்மதத்தோடு வாங்கிய முகவரிப் பட்டியலை, அனுப்பும் நிறுவனத்தை மாற்றினாலும் நாம் கையோடு கொண்டுபோகலாம்.

நான் என் பங்குக்கு 63 பேருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "உங்கள் முகவரியை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டேன். மடல் வேண்டும் என்றால் மட்டும் பதில் எழுதுங்கள்" என்றேன். 19 பேர் எழுதினார்கள். மருமகனின் உண்மையான பட்டியல் அந்த 19-இல்தான் தொடங்கியது. இன்று 140-ஐத் தாண்டியிருக்கிறது. பெரிய எண் இல்லை. ஆனால் மடல் போன மறுநாள் தளத்தில் ஆள் நடமாட்டம் தெரிகிறது, ஆர்டரும் வருகிறது. தாமதமானால் "இந்த மாசம் ஏன் வரலை?" என்று கேட்கிறார்கள். பழைய தபால்காரனுக்கு இதைவிட இனிய கேள்வி உண்டா?

பரமக்குடி நண்பரும் பதில் எழுதினார். "என் பேரைச் சேர்க்காதே. வரும்போது ரெண்டு கிலோ கருப்பட்டி மட்டும் கொண்டு வா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.