ஊறவைப்பதும் காய்ச்சுவதும் ஒன்றல்ல

கிழக்கேகோட்டையில் தொடங்கும் சாலைக் கடைத்தெருவை ஆ. மாதவனின் கதைகள் வழியே தமிழ் வாசகர் நன்கறிவர். கருப்பட்டி, பனங்கற்கண்டு, பட்டை, கிராம்பு, ஏலம், தாதிரிப்பூ எல்லாம் அத்தெருவில் சில கடைகளுக்குள் கிடைத்துவிடும். இவற்றுள் சிலவற்றை இனிப்போடும் நீரோடும் சேர்த்து, வாய்கட்டிய பரணியில் சில வாரம் வைத்தால் கலவை நொதிக்கும். அவ்வாறு விளைவதன் பெயர் என்ன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

உரிமம் பெற்ற மருந்துச்சாலையில் விளைந்தால் அது அரிஷ்டம். பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கேரளம் வழக்கமாகக் கொடுக்கும் தசமூலாரிஷ்டம் இவ்வகையே. இத்தகைய மருந்துகளில் தானாக விளையும் ஆல்கஹால் பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். திராட்சையும் கருக்கிய சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து டிசம்பரில் வீட்டில் விளைந்தால் அது கிறிஸ்துமஸ் வைன். அதே பரணியைக் கலால் துறையினர் கைப்பற்றினால் அது 'கோட'. தமிழ்நாட்டுச் செய்தித்தாளின் மொழியில் 'சாராய ஊறல்'. வேதிவினை ஒன்றே, பெயர்கள் மூன்று.

பெல்ஜியத்தின் வலிய கருநிற ஏல் வகைகள் இதற்குத் தொலைவானவை அல்ல. முளைகட்டிய பார்லிச் சாற்றுடன், கருகும் பக்குவம் வரை காய்ச்சிய பீட்ரூட் சர்க்கரைப் பாகைச் சேர்ப்பர். ஈஸ்ட் அப்பாகின் பெரும்பகுதியை உண்டுவிடுவதால், குடிப்பதற்குக் கனக்காமலேயே வலிமை 8 முதல் 12 விழுக்காடு வரை ஏறுகிறது. நிறமும் உலர்பழ மணமும் எஞ்சுகின்றன. சிலர் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் இடுவர். அச்சர்க்கரையின் பெயர் 'காண்டி'. அச்சொல் அரபு, பாரசீகம் வழியே வடமொழிக் 'கண்ட'த்தைச் சென்றடைகிறது. அதற்கும் அப்பால் திராவிட வேர் இருக்கலாம் என்பாரும் உளர். சாலைக் கடைக் கற்கண்டும் பெல்ஜியப் பாகும் ஒரே சொற்குடும்பத்தின் கிளைகள்.

தானியத்தை முளைகட்டி நொதிக்கவைக்கும் நுட்பமும் தமிழுக்கு அயலானதன்று. பெரும்பாணாற்றுப்படை அதன் செய்முறையையே தருகிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, நல்ல அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டுச் சாடியில் விளைவிப்பது. அந்த அடையை முளைநெல்லின் அடையாக உரைகாரர் கொள்கின்றனர். அதே நூல் வீட்டில் சமைத்த தோப்பியையும் குறிப்பிடுகிறது. இங்கே கவனிக்கத்தக்கது வினைச்சொல். கள் 'விளைகிறது', பயிரும் விளைகிறது. சாராயமோ காய்ச்சப்படுகிறது, வடிக்கப்படுகிறது. நொதித்தலும் வாலைவடித்தலும் வெவ்வேறு செயல்கள் என்பதை மொழி தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது.

சட்டம் பிரிக்கவில்லை. கொல்லம் ஆண்டு 1077இன் அப்காரிச் சட்டத்தில் கள், பியர், வைன், சாராயம் யாவும் 'மது' என்னும் ஒரே வரையறைக்குள் அடங்குகின்றன. அனுமதியின்றி உண்டாக்கினால் 10 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கலாம். 2019 டிசம்பரில் வீட்டு வைனும் குற்றமே எனக் கலால் துறை எச்சரித்தபோது, பாட்டியிடம் செய்முறை கற்ற பல குடும்பங்கள் தாங்கள் எந்தப் பிரிவின்கீழ் வருகிறோம் என்பதையே முதன்முறையாக அறிந்தன. 2022இல் வந்த சிறு வைன் ஆலை விதிகளும் உரிமம் பெறுவோருக்கே வழி திறந்தன, அடுக்களைக்கு அல்ல.

மறுதரப்பின் அச்சம் பொய்யன்று. 1982இல் வைப்பினும் 2000இல் கல்லுவாதுக்கலும் 2024இல் கள்ளக்குறிச்சியும் கண்ட சாவுகளை எளிதாகக் கடந்துவிட முடியாது. ஆயினும் இத்தகைய சாவுகளுக்குக் காரணம் விற்பனைச் சாராயத்தில் கலந்த மெத்தனால். பரணியில் ஊறிய திராட்சையோ முளைதானியமோ அன்று. குடியால் சிதையும் குடும்பங்களின் சுமை, அதிலும் பெண்களின் சுமை, இதனினும் வலுவான வாதம். ஆனால் அரசே தன் கடைகளில் 40 விழுக்காட்டை ஒட்டிய மதுவை விற்றுக்கொண்டு, 10 விழுக்காட்டுப் பரணியைச் சிறைக்குரியதாக்கும்போது அவ்வாதம் தன் வலுவை இழக்கிறது.

பெல்ஜியம் 1919இல் கொணர்ந்த வாண்டர்வெல்டே சட்டம் மதுக்கூடங்களில் வடிமதுவைத் தடுத்தது, பியரை விட்டுவைத்தது. வலிய ஏல் வகைகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பர். 2016இல் அந்நாட்டின் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மரபுரிமையாக ஏற்றது. பிரிட்டன் 1963இல் வீட்டு பியருக்கான உரிமத் தேவையை நீக்கியது; அமெரிக்கா 1978இல் அளவு வரையறுத்து, விற்பனையை விலக்கி, அதனை அனுமதித்தது.

கேரளத்துக்கும் அத்தகைய ஒரு வரையறை போதும்: விற்பனை கூடாது, வாலை கூடாது, ஓராண்டுக்கு இத்தனை லிட்டர் மட்டும். இது குடிக்கு அளிக்கும் சலுகையாகாது. விளைவதற்கும் வடிப்பதற்கும் மொழி என்றோ கண்டுகொண்ட வேறுபாட்டைச் சட்டமும் காணவேண்டும் என்பதே கோரிக்கை. அதுவரை கிழக்கேகோட்டையில் எல்லாப் பொருளும் வெளிப்படையாக விற்கும். அவற்றைச் சேர்க்கத் தெரிந்த கை மட்டும் ஒளிந்து வாழும்.