திருவுளச்சீட்டும் மருத்துவமும்

காக்கைக்குந் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பர், ஆசிரியனுக்கும் அஃதே. பன்வில மலைப்புறத்திலே தமிழ் கற்பிக்கும் யான், வாசிப்புப் பயிற்றும் புதுமுறை ஒன்றைச் சோதிக்க விரும்பி, ஒருகால் வகுப்பை இரு பிரிவாக்கினேன். தவணை முடிவிற் புதுமுறைப் பிரிவே மேலோங்கிற்று. மகிழ்ந்தேன். பின்னரே உண்மை விளங்கிற்று: ஆர்வமிக்க பிள்ளைகளையெல்லாம் என்னையறியாமலே அப்பிரிவிற் சேர்த்திருந்தேன். வென்றது முறையன்று, என் பாரபட்சமே.

இக்குறைக்கு மருந்து நம் மலைநாட்டுக்குப் புதியதன்று. எந்த நிலத்துண்டுக்கு எந்த உரம் என்பதை ஆராய்ச்சியாளன் விருப்பம் தீர்மானித்தலாகாது, சீட்டே தீர்மானித்தல் வேண்டும் என 1920களில் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் நிலையத்தில் வற்புறுத்தினார் ரொனால்ட் பிஷர். அவருடன் ஆங்கு ஆராய்ந்த தோமஸ் ஈடன், பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, தேயிலைச் சோதனைகளில் அம்முறையைக் கையாண்டார்.

செடிக்கு ஏற்ற நீதி மனிதனுக்கும் ஏற்றதாயிற்று. சயரோகிக்கு வீட்டில் வைத்தே மருந்தளிப்பதா, வைத்தியசாலையிற் கிடத்துவதா என்பதை 1956இல் சென்னையில் ஆராயத் தொடங்கினர். வைத்தியர் மனத்துக்கு விட்டிருந்தால், நோய் முதிர்ந்தோர் கட்டிலுக்கும் தேறத்தக்கோர் வீட்டுக்கும் சென்றிருத்தல் கூடும், ஒப்பீடு பொய்த்திருக்கும். ஆதலின் சீட்டு முறையாற் பிரித்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு வழங்கினர். வீட்டிலிருந்தோர் உணவிலும் ஓய்விலும் குறைவுற்றிருந்தும், நூற்றுக்கு 86 பேர் நோய் தணியப்பெற்றனர். வைத்தியசாலையில் 92 பேர். 1959இல் வெளிவந்த இம்முடிபு, கட்டில் கிடையாத ஏழைக்கும் நம்பிக்கை தந்தது.

‘உயிரைச் சீட்டுக்கு விடுவதா?’ எனச் சினப்பாருமுளர். எது நன்றெனத் தெளிந்தபின் சீட்டெடுத்தல் தவறே. தெளியாதபோது தெளிந்தார்போல் நடித்தலோ அதனினும் பெருந் தவறு. அடுத்த சீட்டு யாதென முன்னறியின், அவ்வழியாகவும் நம் விருப்பம் புகுந்துவிடும். அதனாலன்றோ 1948இல் வெளியான ஆங்கிலேயரின் ஸ்ரெப்ரோமைசின் ஆய்வில் அதனை முத்திரையிட்ட உறைகளுள் மறைத்து வைத்தனர்! கோயிலிற் பூக்கட்டிப் பார்க்கையில் விவரமறியாக் குழந்தையைக் கொண்டு எடுப்பிக்கும் நம் முன்னோர் இதனை நன்குணர்வர்.

மறு தவணை, பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிச் சிறுமி ஒருத்தியைக் கொண்டு எடுப்பித்தேன். புதுமுறையின் வெற்றி பாதியாய்க் குறைந்தது. ஆயினும் அப்பாதியை யான் நம்பலாம். நம் கல்லூரி ஈன்ற வைத்தியர்களும் ஆசிரியர்களும், தம் அன்பையே முதலில் ஐயுறப் பழகுவாராக.