குந்தி அமர்ந்தோரின் தடயம்

சென்ற விடுமுறையில் என் தமக்கை மகள் தியாகதுருகம் வந்திருந்தாள். மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயில்பவள். அவளது பைக்குள், துணியில் சுற்றிய எலும்பு ஒன்று இருந்தது. கண்டதும் என் தாயார் பதறிப் போனார்.

"யாருடைய மையித்தோ! கபுருக்குள் இருக்க வேண்டியதை வீட்டுக்குக் கொண்டு வரலாமா?"

பேத்தி தலை குனிந்தாள். தாயாரின் தயக்கம் தவறென்று எனக்கும் தோன்றவில்லை. ஆயினும் அப்துல் லத்தீஃப் அல் பக்தாதீயை அவருக்கு நினைவூட்டினேன். கி.பி. 1200 முதல் 1202 வரை எகிப்தைக் கொடும் பஞ்சம் வாட்டிய வேளை அது. கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில் எலும்புகள் குவிந்து கிடந்தன. கீழ்த்தாடை, மோவாயில் பொருந்திய இரண்டு எலும்புகள் என ஜாலீனூஸ் எழுதியிருந்தார். கிரேக்க மருத்துவ மேதையின் சொல்லாயிற்றே, மறுப்பார் யார்? பக்தாதீயும் உடனிருந்தோரும் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தனர். எதிலும் பொருத்துக் கோடு இல்லை. தாடை ஒரே எலும்பு என்று அவர் எழுதி வைத்தார். (பிறந்த குழந்தைக்கு அது இரு பாதிகளே, ஏறத்தாழ ஓராண்டில் ஒன்றாகி விடுகின்றன.)

தாயார் சற்றே தணிந்தார். மருமகள் எலும்பை ஏந்திக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு அது. முன்புறம், மேலே ஒரு மேடு. தொடைத் தசையின் இழுவிசையைத் தாங்கும் நார் பற்றுமிடம். வாசகர்களும் தத்தம் காலில் விரல் வைத்து அதனை உணரலாம். பின்புறம் சாய்வாக ஓடும் வரம்பு, கெண்டைக்கால் தசையொன்றின் பிடிமானம். அருகிலுள்ள துளை, இரத்தக் குழாய் நுழையும் வாசல்.

"இதைப் பாருங்கள், நன்னி" என்று கீழ் விளிம்பைக் காட்டினாள். முன்பக்கத்தில் நகக்கண் அளவில் வழுவழுப்பான சிறு பரப்பு. குந்தி உட்காரும்போது கணுக்கால் முழுவதும் மடங்கி, இவ்விளிம்பு பாத எலும்பின் கழுத்தில் அழுந்துகிறது. அழுந்திய இடமே இது.

லாகூரில் உடற்கூற்றியல் பேராசிரியராயிருந்த ஹாவ்லாக் சார்லஸ், பஞ்சாபியரின் எலும்புகளை ஆராய்ந்து 1893-இல் இதனை விரிவாக எழுதினார். சிசுக்களிடமும் கண்டமையால், பரம்பரையாக வருவதென அவர் கருதினார். பிற்காலத்தில் ஐரோப்பியச் சிசுக்களிடமும் அது காணப்பட்டது. வளர்ந்த ஐரோப்பியரிடமோ அரிது. கருவிலேயே உள்ளது குந்தி அமரும் பழக்கத்தால் நிலைக்கிறது, நாற்காலியால் மறைகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தாயார் நெடுநேரம் அதையே நோக்கியிருந்தார். பிறகு தம் கணுக்காலைத் தடவிக் கொண்டார். ஐம்பது ஆண்டுகள் அடுப்படியில் குந்தியிருந்த கால்கள்.

"இவரும் என்னைப் போலத்தானா?"

"ஆணா பெண்ணா என்று இந்த ஓர் எலும்பைக் கொண்டு உறுதியாகக் கூற முடியாது, நன்னி. குந்தி அமர்ந்து பழகியவராக இருக்கலாம்."

தாயார் எழுந்து அலமாரியைத் திறந்தார். சலவை செய்த வெள்ளைத் துப்பட்டி ஒன்றை எடுத்து வந்தார்.

"அந்த அழுக்குத் துணி வேண்டாம், இதில் சுற்றி வை" என்றார்.