மஞ்சளைக் கடையில் வாங்குவானேன்?

நெல்லையும் கத்தரியையும் வெண்டியையும் தன் கையால் விளைவித்து ஊருக்கு ஊட்டும் கமக்காரன், தன் வீட்டுக் கறிக்கு வேண்டிய மஞ்சட்டூளை மாத்திரம் சந்தைக் கடையிலே சிறு பைக்கற்றாக வாங்கி வருகின்றான். தைப்பொங்கற் பானையிற் கட்டும் மஞ்சள் இலையையுங்கூட விலைக்கு வாங்குவோர் உளர். பழகிப்போன வழக்கமாதலால் இது எவருக்கும் விந்தையாகத் தோன்றுவதில்லை.

2020 ஆம் ஆண்டிலேதான் அதன் விந்தை வெளிப்பட்டது. 2019 ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டதும், சில நூறு ரூபாவுக்கு விற்ற ஒரு கிலோ மஞ்சட்டூள் சில ஆயிரம் ரூபாவுக்கு ஏறிற்று. இந்தியக் கரையிலிருந்து களவாகக் கொண்டுவரப்பட்ட மஞ்சள் மூடைகள் மன்னார், கற்பிட்டிக் கரையோரங்களிற் கைப்பற்றப்பட்டன. அதே வேளையிற் கொள்ளைநோய்க்கு அஞ்சி வாசலெங்கும் மஞ்சள் நீர் தெளிப்போரும் பெருகினர். அவ்வாறு தெளிப்பதனால் அந்நோய் தடைப்படுமென்பதற்குச் சான்று யாதுமில்லை. அருமையான தூள் மண்ணிற் போனதே மிச்சம்.

விலையேற்றம் கைப்பொருளை மட்டுமே கெடுக்கும். அதனோடு வருகின்ற கலப்படமோ உடலைக் கெடுக்கும். அரிசிமாவும் கோதுமைமாவும் கலந்தால் ஏமாற்றம் மாத்திரமே. சாயப்பொருள் கலந்தால் அது நஞ்சாகும். வங்காளதேசத்திற் கிழங்குக்கு மினுமினுப்பான மஞ்சள் நிறம் ஏற்றுவதற்காக ஈயக் குரோமேற்று என்னும் சாயத்தைப் பூசி வந்தமை 2019 ஆம் ஆண்டில் ஆய்வாளராற் புலப்படுத்தப்பட்டது. அரசாங்கம் கடும் நடவடிக்கை எடுத்தமையால் 2021 ஆம் ஆண்டளவில் அவ்வழக்கம் அங்கே ஒழிந்தது. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதித்தபின் அதனை மீட்பது அரிது.

சுண்ணாம்பு சேர்த்தாற் சிவக்கும் தூள் நல்ல தூள் என்று சிலர் நம்புகின்றனர். அது போதிய சோதனையன்று. மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தோடு சேரும்போது சிவக்கின்றது. ஆகவே தூளில் மஞ்சள் உண்டென்பதை அச்சிவப்புக் காட்டுமேயன்றி, வேறொன்றும் இல்லையென்பதைக் காட்டாது. கண்முன்னே கிளறி எடுத்த கிழங்கை அவித்து, காயவைத்து இடித்துக்கொள்வதிலும் மேலான சோதனை வீட்டிற் கிடையாது.

மஞ்சளின் மருத்துவப் பெருமையைப் பற்றி அளவுக்கு மிஞ்சிப் பேசுவது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. 1815 ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்ட குர்க்குமின், காய்ந்த கிழங்கில் ஏறக்குறைய நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரையே உண்டு. வீக்கத்தைத் தணிக்கும் ஆற்றல் அதற்கு உண்டென ஆய்வுகூடங்களிற் கண்டனர். ஆயினும் தனியே உண்டால் அது குடலினின்று குருதியிற் சேர்வது மிகவும் சொற்பம். மிளகு சேர்ந்தால் அது பன்மடங்கு கூடுகின்றதென்று 1998 ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. எண்ணெய்ப்பசையும் அதற்குத் துணையாகும். மிளகும் மல்லியும் மஞ்சளும் கூட்டி அரைத்த பத்தியக் கறியையும், தேங்காய்ப்பாலிற் காய்ச்சிய சொதியையும் இங்கே நினைத்துப் பார்த்தல் தகும். பாட்டிமார் இதனை அறிவியல் அறிந்து செய்தனர் என்பதற்கில்லை. சுவைக்காகச் செய்தது பயனுக்கும் ஒத்துவந்தது, அவ்வளவே.

எனவே கறியிலிடும் மஞ்சள் வேறு, குளிசையாக விழுங்கும் மஞ்சட்சத்து வேறு. அத்தகைய குளிசைகளாற் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதென அவுஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் எச்சரித்தது. வயலில் மண்வெட்டி பட்டுக் காலிற் காயமுண்டானால் மஞ்சட்டூளை அப்பிக் கட்டிவிட்டு மறுபடியும் சேற்றில் இறங்குவதும் தவறு. சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு காயத்தைக் கழுவி, ஏற்புவலித் தடுப்பூசிக்கு வைத்தியசாலைக்குச் செல்வதே முறை. மீனைக் கழுவவும் மரவள்ளிக்கும் பருப்புக்கும் நிறமும் மணமும் ஊட்டவும் மஞ்சளை நாள்தோறும் கையாள்க. அதற்கு எவ்விதத் தடையுமில்லை.

இதற்கெனக் காணி தேட வேண்டியதில்லை. தென்னை, வாழை ஆகியவற்றின் சிறு நிழலை மஞ்சள் தாங்கும். தேங்கிநிற்கும் நீரை மாத்திரம் தாங்காது, கிழங்கு அழுகும். பத்தடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒரு மேட்டுப்பாத்தியிற் கூட்டெருவிட்டு, அடிக்கு ஒன்றாக இரண்டங்குல ஆழத்தில் முளைக்கிழங்குகளை நட்டு, வைக்கோலால் மூடினால் 40 மூடுகள் ஆகும். மூட்டுக்குக் கால் கிலோ என்று குறைத்துக் கணக்கிட்டாலும் பச்சைக் கிழங்கு 10 கிலோ. அது காய்ந்தால் ஐந்திலொரு பங்காகும். அந்த 2 கிலோ ஒரு குடும்பத்தின் ஓராண்டுத் தேவைக்குத் தாராளம். நீர் பாய்ச்ச வசதியுள்ளோர் சித்திரை, வைகாசியில் நட்டாற் பொங்கலை அண்டி இலை பழுத்துச் சாயும். பானைக்கு இலையும் அப்போது வளவிலேயே கிடைக்கும். மழையை மாத்திரம் நம்புவோர் நடுகைக் காலத்தைத் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் நன்று.

ஆனால் 2020 ஆம் ஆண்டின் விலையை நினைத்து மரக்கறித் தோட்டம் முழுவதையும் மஞ்சளாக்குவது புத்தியன்று. அந்த விலையைக் கண்டு பலரும் நட்டனர். விளைச்சல் பெருகவே விலை இறங்கிற்று. வீட்டுத் தேவைக்கு முதலிடம் கொடுத்து, மிஞ்சியதை விற்பவனுக்கு அந்த இறக்கத்தாற் பெரும் நட்டமில்லை.

கிளறிய கிழங்கை மண் போகக் கழுவி, ஈர்க்கு இலகுவாக இறங்கும் வரை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் அவித்து, வெறுந் தரையிலன்றிப் பாயிற் பரப்பிப் பத்துப் பதினைந்து நாள் வெயிலிற் காயவிட வேண்டும். ஒடிக்கும்போது ‘டக்’ என ஒலித்தாற் காய்ந்தது எனக் கொள்ளலாம். அவிப்பதற்கு முன் நோயற்ற, பருத்த கிழங்குகளைத் தெரிந்து, ஒரு பெட்டியில் மணலிட்டு நிழலில் வைத்துவிட்டால் அடுத்த சித்திரைக்கு விதைக்கிழங்கு தேடி அலைய வேண்டியதில்லை.