நீருக்குரிய நிலம்

ஒரு மாநகரத்தின் பாதுகாப்பு என்றதும் போலீஸ் ரோந்தும், தெருமுனைக் காமிராவும், தீயணைப்பு வண்டியும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. அவை அவசியமானவை என்பதில் ஆட்சேபமில்லை. ஆனால் சென்ற பத்தாண்டுகளில் சென்னை ஜனங்களின் உயிருக்கும் உடைமைக்கும் நேர்ந்த மகத்தான சேதங்களை எண்ணிப் பார்த்தால், எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எந்த நிலத்தில் கட்டலாகாது என்ற ஆதாரமான கேள்விக்கு நிர்வாகம் தவறான விடை அளித்துவந்ததன் பலனாகவே அவற்றில் பெரும்பகுதி விளைந்தது என்பது புலப்படும். 2008-இல் வெளியான, சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2026-ஆம் ஆண்டை எல்லையாக வைத்து வகுக்கப்பட்டது. அதை அடுத்து வரவேண்டிய மூன்றாவது திட்டத்தில், ஏரி, கால்வாய், சதுப்பு, ஆற்றின் வெள்ளப் படுகை ஆகியவற்றில் இனி ஒரு செங்கல்லும் வைக்கலாகாது என்ற விதியே முதல் ஷரத்தாக இருக்க வேண்டும் என்றும், அவ்விதி எல்லாருக்கும் முன்பாகச் சர்க்காரையே கட்டுப்படுத்த வேண்டும் என்றும் நாம் வற்புறுத்துகிறோம்.

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழை, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதைப் பற்றி அன்று எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. தணிக்கைத் துறையின் அறிக்கையும் அவ்வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே சாற்றிற்று. மதகு திறந்த நேரம் முக்கியமான விஷயந்தான். எனினும், ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகைநீரும் வந்து கலக்கும் அடையாற்றின் இரு கரைகளிலும், வெள்ளம் பரந்து தணிவதற்கென்று இயற்கை ஒதுக்கியிருந்த தாழ்நிலமெல்லாம் மனைகளாகி, விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றே ஆற்றுக்குக் குறுக்காகப் பாலம் போட்டுச் செல்லும்படி அமைந்துவிட்ட நிலையில், மதகை எந்த மணிக்குத் திறந்திருந்தாலும் அந்த நீர் யாருடைய வீட்டுக்குள்ளாவது புகுந்தே தீர்ந்திருக்கும்.

நான்காண்டு கழிவதற்குள், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நான்கு நீர்த்தேக்கங்களும் வறண்டு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேற்றிக் கொணர்ந்த தண்ணீரை வில்லிவாக்கத்தில் இறக்கிக்கொள்ளும் நிலைக்கு இதே நகரம் வந்தது. மழை தங்குவதற்கு இடமில்லாத ஊரில் ஐப்பசி கார்த்திகையில் வெள்ளமும் சித்திரை வைகாசியில் பஞ்சமும் மாறி மாறி வருவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தென்சென்னையின் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் அனுப்பிவந்த பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணிக்கப்படுகிறது. 2022-இல் சர்வதேச ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது 1,247 ஹெக்டேர். இடைப்பட்ட நிலத்தைத் தின்றவர்கள் தனிப்பட்ட ஆக்கிரமிப்பாளர்கள் மட்டுமல்லர். மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பைமேடும், பறக்கும் ரயில் பாதையும், ஆராய்ச்சிக் கழகங்களும் அங்கே எழுந்தவையே. குடிசைக்காரனிடம் சட்டம் பேசும் சர்க்கார் தன் இலாகாக்களிடம் அதைப் பேசாமல் இருந்ததுதான் இந்த அநர்த்தத்தின் ஆணிவேர் என்பது நம் திடமான அபிப்பிராயம்.

விளைவு பிரத்தியட்சம். 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தவுடன், வேளச்சேரிவாசிகள் மழை வருமுன்பே தங்கள் கார்களை மேம்பாலத்தின் மீது வரிசையாக நிறுத்திவிட்டு வீடு திரும்பினார்கள். முந்திய ஆண்டு மிக்ஜாம் புயலில் பட்ட பாடு அவர்களுக்குக் கற்பித்த பாடம் அது. கார் உடையவருக்கு மேம்பாலமாவது இருந்தது. தரைத்தளத்தில் அரிசி மூட்டையையும், காஸ் சிலிண்டரையும், பிள்ளைகளின் பாடப்புத்தகத்தையும் கட்டிலின் மேல் ஏற்றிவைத்து, விடிய விடிய நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு எந்தப் பாலம் இருக்கிறது? வெள்ள அபாயம் என்ற காரணங்காட்டி அடையாற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளை, அதே சதுப்பை ஒட்டிய பெரும்பாக்கத்துத் தாழ்நிலத்து அடுக்குமாடிகளில், அவர்கள் பிழைப்பிடத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் வெகுதூரத்தில் குடியேற்றியதைப் புனர்வாழ்வு என்று ஒப்புக்கொள்ள நம்மால் இயலவில்லை.

பெருகிவரும் ஜனத்தொகைக்கு வீடு வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் அதற்குரிய விடையும் சர்க்காரின் கையிலேயே இருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. இவ்வளவு விசாலமான பரப்பில் மேட்டுநிலத்துக்குப் பஞ்சமில்லை. கவலைக்குரியது வேறொன்று: காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ச் சீமைகளில் ஒன்றன் கலங்கலிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியாக நீர் செல்லும்படி நம் மூதாதையர் அமைத்த நூற்றுக்கணக்கான ஏரிகளும் இந்த விரிவோடு சேர்ந்தே நகரத்தின் வாய்க்குள் வந்திருக்கின்றன. ஆயக்கட்டு இருந்தவரை, தன் வயலுக்கு நீர் வேண்டிய விவசாயி கரையையும் வரத்துக் கால்வாயையும் கண்ணும் கருத்துமாகக் காத்தான். ஆயக்கட்டு மனைப்பிரிவாகிவிட்டால் ஏரிக்குக் கேட்பார் இல்லை. முதலில் வரத்துக் கால்வாய் தூர்ந்து, பின்பு நீர்பிடிப்பில் குப்பை விழுந்து, கடைசியில் 'பயனற்ற ஏரி' என்ற பெயரில் வகைப்பாடு மாறும். தியாகராய நகருக்காக 'நீண்ட ஏரி'யைத் தூர்த்த 1920-களிலிருந்து நாம் கண்டுவரும் வழக்கம் இது.

ஆகவே மூன்றாவது திட்டத்தில் பொதுவான வாசகங்கள் போதா. கிராமவாரியாக, ஒவ்வோர் ஏரிக்கும், கால்வாய்க்கும், மேய்க்கால் புறம்போக்குக்கும் உரிய சர்வே எண்கள் தமிழில் அச்சிட்டு வெளியிடப்பட வேண்டும். அவற்றில் நில உபயோக மாற்றம் செய்யும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும், மந்திரிக்கும், மந்திரிசபைக்கும் இருத்தலாகாது. சர்க்கார் கட்டடத்துக்கும் இதில் விதிவிலக்குக் கூடாது. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி ஆகிய இடங்களில் ஏற்கெனவே குடியேற்றப்பட்டோரை மறுபடியும் விரட்டாமல், அங்கே வடிகாலும், மழைக்காலத்தில் தடைப்படாத பஸ் வசதியும், மேல்தளத்தில் இயங்கும் மருத்துவ நிலையமும் அமைத்துத் தருவது சர்க்காரின் கடன்.

நகரங்களில் வார்டுக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றைச் சாலைக்குழி, தெருவிளக்குப் புகார்களோடு நிறுத்திவிட வேண்டியதில்லை. வாசகர்கள் தத்தம் பகுதி சபை கூடும் நாளில் தவறாமல் சென்று, தங்கள் வட்டத்திலுள்ள நீர்நிலைகளின் சர்வே எண் பட்டியலை எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.