மாலுமியின் ஊசி

கப்பலோவியம் என்றதும் பொற்சட்டமிட்ட தைலவர்ணப் படமே நம் நினைவில் எழுகின்றது. ஏறத்தாழ 1840 முதல் அந்நூற்றாண்டின் இறுதிவரை பிரித்தானிய மாலுமிகள் பாய்த்துணியிற் கம்பளி நூலால் தைத்த கப்பற் படங்களையோ பொழுதுபோக்குக் கைவேலையென்று ஒதுக்குவாருளர். இஃது அடாது. கிழிந்த பாயைத் தைத்துப் பழகிய கையன்றோ அது! எக்கயிறு எம்மரத்திற் பிணையும் என்பதை ஏறியிறங்கி அறிந்தவன் அவன். ஆதலின் அலைகள் வயல்வரப்புப்போல் தட்டையாய்க் கிடப்பினும் கயிறுகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. சிலபோது கப்பலின் பெயரைப் பொறித்தவன், தன் பெயரைப் பொறித்தது அரிது. நீராவி வந்து பாய் மறையவே இத்தையலும் அருகிற்று. கிரீனிச்சிலுள்ள தேசிய கடல்சார் நூதனசாலையில் இவற்றுட் சில உள. எந்நூதனசாலையாயினும் இவற்றைத் தளபதியரின் உருவப்படங்களுக்கு அருகிலேயே மாட்டுதல் வேண்டும்; கீழே, ‘ஆக்கியோன்: கப்பலிற் பணியாற்றிய ஒரு மாலுமி’ என்றேனும் எழுதுக.