மீன் குட்டி போடுமா? – ஒரு மாணவியின் விடையும் என் சிவப்பு மையும்



இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்து வருகிறேன். ஆயினும், அண்மையில் ஒரு மாதச் சோதனைத் தாளைத் திருத்தும்போது நான் செய்த தவறு என்னை இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே முறை.

‘மீன் எவ்வாறு இனவிருத்தி செய்கிறது?’ என்பது கேள்வி. விடைப்பட்டியலில் ‘முட்டையிட்டு’ என்று இருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ‘சில மீன் முட்டை போடும். சில மீன் குட்டி போடும்’ என்று எழுதியிருந்தாள். நான் பிழை என்று கோடிட்டேன். கப்பி மீன் குட்டி போடும் என்பது நான் அறியாததன்று. அறிந்திருந்தும், விடைப்பட்டியலே என் கையை நடத்தியது.

மறுநாள் அவள் ஓர் ஊறுகாய்ப் புட்டியுடன் வந்தாள். அதில் ஒரு தாய்க் கப்பியும், கண் மட்டுமே தெரியும் அளவிலான குஞ்சுகள் சிலவும் நீந்திக்கொண்டிருந்தன. நம் பிள்ளைகள் ‘லோங்காங் மீன்’ என்று அழைக்கும் அதே மீன்தான். வாதாடுவதற்காக அவள் அதைக் கொண்டு வரவில்லை. அவளிடம் வேறொரு கேள்வி இருந்தது.

“டீச்சர், அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போது குட்டிங்க என்ன சாப்பிடும்? எங்க தம்பிக்கு இருந்த மாதிரி கொடி இருக்குமா?”

அவள் வீட்டில் அப்போதுதான் தம்பி பிறந்திருந்தான். என்னால் உடனே விடை கூற இயலவில்லை. “படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன். அவ்வாறு படித்தவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் கப்பி. இதன் குஞ்சுகளுக்குத் தொப்புள்கொடி கிடையாது. சூலகத்தில் முட்டை உருவாகும்போதே தேவையான உணவில் பெரும்பகுதியைத் தாய் மஞ்சள்கருவாக வைத்துவிடுகிறது. பயணம் போகும் பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. ஏறத்தாழ நான்கு வாரங்கள் கரு அந்தக் கட்டுச்சோற்றை உண்டே வளர்கிறது. உயிர்வளியைத் தருவதும் கழிவை ஏற்பதும் பாதுகாப்பதும் தாயின் உடல். முட்டை வெளியே இடப்படாமல் உள்ளேயே இருந்து குஞ்சாகிறது என்று சுருங்கச் சொல்லலாம்.

ஆனால், குட்டி போடும் மீன்கள் அனைத்தும் இப்படியல்ல. அமெரிக்காவின் புளோரிடாப் பகுதியில் ஹெட்டராண்டிரியா ஃபார்மோசா என்னும் மிகச் சிறிய மீன் வாழ்கிறது. கப்பிக்கு உறவுதான். இதன் முட்டையில் மஞ்சள்கரு மிகக் குறைவு. கருவின் மேற்பரப்பும் அதைச் சூழ்ந்த தாயின் திசுவும் நெருங்கி அமைந்து நஞ்சுக்கொடியின் வேலையைச் செய்கின்றன. தாய் நாள்தோறும் ஊட்டுகிறது.

இதனை அறிவியலாளர்கள் எவ்வாறு கண்டறிந்தனர் தெரியுமா? எடை போட்டுத்தான்! நீரை நீக்கிய முட்டையின் எடையையும், பிறக்கும் குஞ்சின் எடையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டுச்சோற்றை மட்டும் நம்பிய கரு, வளர்வதற்கே அதில் ஒரு பகுதியைச் செலவழிப்பதால், பிறக்கும்போது முட்டையைவிட எடை குறைந்திருக்கும். தாய் ஊட்டிய கருவோ எடை கூடியிருக்கும். மேற்சொன்ன மீனில் இந்த எடை முப்பது மடங்குக்கு மேல் கூடுகிறது.

மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் காணப்படும் பொசிலியோப்சிஸ் என்னும் மீன் பேரினம் இன்னும் வியப்பானது. இதில் மஞ்சள்கருவை மட்டும் நம்பும் இனங்களும் உண்டு. நஞ்சுக்கொடியால் ஊட்டும் இனங்களும் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்டவையும் உண்டு. இந்தப் பேரினத்துக்குள்ளேயே நஞ்சுக்கொடி குறைந்தது மூன்று முறை தனித்தனியே தோன்றியது என்று டேவிட் ரெஸ்னிக் முதலிய ஆய்வாளர்கள் 2002-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் எழுதினர்.

மெக்சிகோவின் மேட்டு நிலங்களில் வாழும் கூடெய்டு குடும்ப மீன்களின் கருவுக்கோ, குடலின் பின்முனையிலிருந்து நாடாக்கள் போன்ற உறுப்புகள் வெளியே நீள்கின்றன. தாயின் சூலகத்தில் சுரக்கும் நீரிலிருந்து அவை உணவை உறிஞ்சுகின்றன. பிறந்த பின் அந்த நாடாக்களுக்கு வேலையில்லை, அவை மறைந்துவிடுகின்றன.

கடலுக்கு வருவோம். திருக்கையின் கருப்பைச் சுவர் பால் போன்ற சத்துநீரைச் சுரந்து குட்டிகளை வளர்க்கிறது. மணற்புலிச் சுறாவின் கதை கொடியது. ஒவ்வொரு கருப்பையிலும் முந்தி வளரும் குட்டி, தன் உடன்பிறப்புகளைத் தின்று, பின்னர் தாய் தொடர்ந்து விடும் கருவுறாத முட்டைகளையும் தின்று வளர்கிறது. இறுதியில் கருப்பைக்கு ஒன்றாக இரண்டே குட்டிகள் பிறக்கின்றன.

இனி, நமக்கு மிக நெருக்கமான மீன். பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தாய்ப்பால் ஊற வேண்டும் என்று நம் வீடுகளில் பால் சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள். என் அம்மாவும் எனக்குச் செய்து கொடுத்தார். அந்தப் பால் சுறா தன் குட்டிகளை எப்படி வளர்க்கிறது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. தொடக்கத்தில் கரு மஞ்சள்கருவை உண்கிறது. அது தீர்ந்த பின், காலியான அதே பை கருப்பைச் சுவரில் ஒட்டி நஞ்சுக்கொடியாக மாறுகிறது. பிறகு, கொடிவழியாகத் தாய் ஊட்டுகிறது. ஆம், அந்தச் சிறுமி கேட்ட கொடி மீனுக்கும் உண்டு! கப்பிக்கு இல்லை, பால் சுறாவுக்கு உண்டு.

இத்தனையும் படித்த பின், வகுப்பறைச் சுவரில் நானே வரைந்து ஒட்டிய அட்டவணையைப் பார்த்தேன். ஒரு பக்கம் ‘முட்டையிடும் விலங்குகள்’. மறு பக்கம் ‘குட்டி போடும் விலங்குகள்’. நடுவே தடித்த கோடு. மீன் முதற்பக்கத்தில் இருந்தது. இயற்கையில் அந்தக் கோடு இல்லை. கட்டுச்சோற்றிலிருந்து கொடிவரை படிப்படியான வழிகளே இருக்கின்றன.

“ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் தேவையா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டாம் ஆண்டு மாணவருக்கு நஞ்சுக்கொடியைப் பாடமாக நடத்தச் சொல்லவில்லை. வகைப்படுத்தும் திறன் தேவை என்பதையும் மறுக்கவில்லை. நான் வேண்டுவது ஒரே ஒரு சொல்: ‘பெரும்பாலான’. ‘மீன்கள் முட்டையிடும்’ என்பதற்கு மாறாக, ‘பெரும்பாலான மீன்கள் முட்டையிடும்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல், வேறொன்றைக் கண்ட பிள்ளைக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

1852-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் மீன்பிடிக்கச் சென்ற ஜாக்சன் என்பவர், தாம் பிடித்த மீனின் வயிற்றில் உயிருள்ள குஞ்சுகளைக் கண்டார். அவர் விலங்கியல் பேராசிரியர் அல்லர். அறிஞர் லூயி அகாசிக்கு அதை எழுதித் தெரிவித்தார். அகாசி அதனைப் புறந்தள்ளவில்லை. ஆராய்ந்து, 1853-இல் அந்தப் புதிய மீன் குடும்பத்தை உலகுக்கு அறிவித்தார். ஒரு மீனுக்கு ஜாக்சனின் பெயரையே சூட்டினார். கண்டதைக் கண்டபடி சொன்னவருக்குப் பேரறிஞர் அளித்த மதிப்பு அது. கண்டதைக் கண்டபடி எழுதிய என் மாணவிக்கு நான் அளித்தது சிவப்புக் கோடு.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. ஆனால், விடைப்பட்டியலைத் தாண்டிப் பார்க்க அஞ்சும் மனம் நம்மைவிட்டு நீங்கவில்லையே! பிழையிடும் முன், ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று பிள்ளையை ஒருமுறை கேட்போம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கப்பி பிடித்து வந்தால் ஏசாதீர்கள். ஒரு புட்டியும் சிறிது நீர்ப்பாசியும் கொடுங்கள். பாசி ஏனென்றால், தாய்க் கப்பி தன் குஞ்சுகளையே தின்னும். அவை ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கப்பி தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன். அதை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிட வேண்டாம்.

அந்த மாணவியின் தாளைத் திரும்ப வாங்கி மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். வகுப்பின் முன்னிலையில், “நீ எழுதியதுதான் சரி, டீச்சர்தான் பிழை செய்துவிட்டேன்” என்றும் கூறினேன். அவள் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, “அப்போ கொடி?” என்றாள்.

மதிப்பெண்ணைவிட அவளுக்கு விடைதான் வேண்டியிருந்தது. அன்றைய பாடம் பால் சுறாவிலிருந்து தொடங்கியது.